நோய்ப் பரவலில் சிக்கிய நாடுகளுக்குப் போகும் வெளிநாட்டு நிதி அங்குள்ள மருத்துவக் கட்டமைப்பை உண்மையில் வலுப்படுத்துகிறதா?

தேடல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பொதுச் சுகாதாரத்துக்கான நிதி குறித்து ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்கத் தெளிவதற்குப் பதிலாகக் குழப்பமே மிகுவதால் இங்கு கேட்கிறேன்.

2014 முதல் 2016 வரை கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய மூன்று மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் எபோலா பரவியபோது 28,600-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். 11,300-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அமெரிக்க நாடாளுமன்றம் 2014 டிசம்பரில் 5.4 பில்லியன் டாலரை அவசர நிதியாக ஒதுக்கியது. அதில் ஒரு பகுதி அமெரிக்காவின் உள்நாட்டுத் தயார்நிலைக்கானது என்றாலும், மற்ற நாடுகளும் உலக வங்கியும் அறக்கட்டளைகளும் அளித்ததையும் சேர்த்துப் பார்த்தால் அந்த மூன்று நாடுகளும் அதற்கு முன் கண்டிராத தொகை அது. நோய் அடங்கிய பிறகு அங்குள்ள சாதாரண மருத்துவமனைகளில் என்ன மிஞ்சியது என்று தேடினால், நேரெதிரான இரண்டு விடைகள் கிடைக்கின்றன. வாகனங்களும் பூட்டிய கட்டடங்களும்தான் மிஞ்சின என்கிறது ஒரு தரப்பு. அந்தப் பணம் இல்லாதிருந்தால் அடுத்த பரவலை யாராலும் தடுத்திருக்க முடியாது என்கிறது மறுதரப்பு. இரு தரப்பினரும் சான்று காட்டுகிறார்கள்.

எந்த வகை உதவி நிலைக்கிறது, எது கரைந்துபோகிறது என்பதை விளைவு தெரிந்த பிறகுதான் சொல்ல முடியுமா, அல்லது ஒப்பந்தம் எழுதப்படும்போதே கணிக்க முடியுமா? வெளியிலிருந்து பணம் வரும் என்ற நம்பிக்கையே அரசுகள் தம் கடமையைக் கைவிடக் காரணமாகிறது என்ற வாதத்தை எந்த அளவுக்கு ஏற்கலாம்? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வடகாற்று

தேடல் அவர்களுக்கு. உதவி பயன்படுமா என்று பொதுவாகக் கேட்டால், நீங்கள் சொல்லும் அந்த இரண்டு தரப்புக்கும் நடுவில்தான் நிற்க வேண்டியிருக்கும். பணம் எப்போது வந்தது, எந்த உருவில் வந்தது, யார் கைக்குப் போனது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்காக ஒரே ஆண்டில் ஒரே நோயைச் சந்தித்த இரண்டு நாடுகளை எடுத்துக்கொள்கிறேன்.

எபோலா வருவதற்கு முன்பே லைபீரியாவுக்கு வெளிநாட்டு உதவி குறைவின்றி வந்துகொண்டிருந்தது. 2003-ல் உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு, கிராமப்புற மருத்துவ நிலையங்களில் பெரும்பாலானவற்றை அயல்நாட்டுத் தொண்டு நிறுவனங்களே நடத்தின. ஆனாலும் நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்கு ஏறத்தாழ 50 மருத்துவர்கள்தான் இருந்தார்கள். நோய் நுழைந்தபோது பல மருத்துவமனைகளில் போதுமான கையுறைகளும் இல்லை, தடையற்ற தண்ணீரும் இல்லை. லைபீரியாவின் மருத்துவர், செவிலியர், பேறுகாலப் பணியாளர்களில் எட்டு விழுக்காட்டினர் எபோலாவுக்குப் பலியானதாக உலக வங்கியின் ஆய்வாளர்கள் 2015-ல் கணக்கிட்டார்கள். அந்த இழப்பின் சுமை எபோலாவோடு முடியவில்லை. பிரசவத்துக்கு வரும் பெண்ணைப் பார்க்க ஆளில்லாத நிலை அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் நீடிக்கும் என்பதுதான் அந்த ஆய்வின் மையக் கவலை.

பெரும் பணம் அதன் பிறகுதான் வந்தது. அமெரிக்க இராணுவத்தின் துணையோடு லைபீரியாவில் 11 எபோலா சிகிச்சை மையங்கள் கட்டப்பட்டன. அவை திறக்கப்படும் வேளையில் பரவல் தணியத் தொடங்கிவிட்டிருந்தது. பதினொன்றிலும் சேர்த்துச் சிகிச்சை பெற்ற எபோலா நோயாளிகள் 28 பேர் மட்டுமே, ஒன்பது மையங்களுக்கு ஒரு நோயாளிகூட வரவில்லை என்று 2015-ல் நாளிதழ்கள் எழுதின. கட்டியவர்களை இதற்காகக் குறை சொல்ல நான் விரும்பவில்லை. நோயாளிகள் இலட்சக்கணக்கில் பெருகக்கூடும் என்று 2014 செப்டம்பரில் வெளியான கணிப்பைக் கையில் வைத்திருந்தவர்கள் வேறு முடிவு எடுத்திருக்க முடியாது. ஆனால் தார்ப்பாய்க் கூரையும் மரச்சட்டமும் கொண்ட அந்தத் தற்காலிக மையங்களை, பரவல் முடிந்த பின் பிரசவ விடுதியாகவோ குழந்தைகள் பிரிவாகவோ மாற்றிக்கொள்ள வழியில்லை.

இனி நைஜீரியா. 2014 ஜூலை 20 அன்று லைபீரியாவிலிருந்து வந்த பயணி ஒருவர் லேகோஸ் விமான நிலையத்தில் மயங்கி விழுந்தார். அரசு மருத்துவர்கள் அப்போது வேலைநிறுத்தத்தில் இருந்ததால் அவரைத் தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார்கள். அவரை வெளியே விடும்படி வந்த நெருக்கடிக்கு இணங்காமல் தடுத்து நிறுத்திய மருத்துவர் அமேயோ அடாதேவோ, பின்னர் அதே நோய்க்குப் பலியானார். இரண்டு கோடி அளவுக்கு மக்கள் நெருங்கி வாழும் நகரம் அது. அங்கு எபோலா நுழைந்தது என்ற செய்தி உலகையே கலங்கடித்தது. இறுதியில் நைஜீரியாவில் நோயுற்றவர்கள் 20 பேர், இறந்தவர்கள் 8 பேர். அக்டோபர் 20 அன்று அந்நாடு எபோலா அற்றதாக அறிவிக்கப்பட்டது.

இதைச் சாத்தியமாக்கியது எபோலாவுக்காக வந்த பணம் அன்று. போலியோவுக்காக அதற்கு முன்பே வந்திருந்த பணம். போலியோவை ஒழிக்கக் கேட்ஸ் அறக்கட்டளை முதலியவற்றின் ஆதரவோடு 2012-ல் அவசரச் செயல்பாட்டு மையம் ஒன்று நிறுவப்பட்டிருந்தது. வீடு வீடாகப் போவது, பெயர் எழுதுவது, மறுநாள் மறுபடி போவது, மாலையில் ஒரே மேசையில் அமர்ந்து கணக்குப் பார்ப்பது என்று பழகிய ஆட்கள் அங்கு இருந்தார்கள். போலியோ மையத்தின் துணை மேலாளரே எபோலா மையத்தின் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டார். நோயாளிகளோடு தொடர்பில் இருந்த ஏறத்தாழ 900 பேரைக் கண்டறிந்து, 18,500 முறை நேரில் சென்று காய்ச்சல் உண்டா என்று பார்த்திருக்கிறார்கள். இந்த எண்ணிக்கையைச் சற்று நின்று கவனியுங்கள். சோதனைக் கருவியோ மருந்தோ இதில் முதலிடம் பெறவில்லை. தொற்று வெளிப்பட ஆகக்கூடிய இருபத்தொரு நாளும் ஒரே கதவைத் தட்டும் ஊழியர், அவருக்கு மாதந்தோறும் சம்பளம் போடும் ஏற்பாடு, அவர் எழுதும் தாளைப் படிக்கும் மேலதிகாரி ஆகிய மூன்றும்தான் அங்கு நோயைப் பிடித்தன.

நிதி வந்த ஆய்வகம் மட்டும் போதாது என்பதற்கு சியரா லியோனின் கெனெமா அரசு மருத்துவமனை ஓர் உதாரணம். எலிகளால் பரவும் லாசா காய்ச்சலை ஆராய அயல்நாட்டு நிதியில் நல்ல ஆய்வகம் ஒன்று அங்கு முன்பே இயங்கியது. 2014 மே மாதம் அந்நாட்டின் முதல் எபோலா தொற்றை உறுதிசெய்ததும் அந்த ஆய்வகமே. ஆனால் அதே வளாகத்தின் நோயாளிப் பிரிவில் போதுமான செவிலியர்களும் கவச உடைகளும் இல்லை. லாசா பிரிவை வழிநடத்திய மருத்துவர் ஷேக் உமர் கான் ஜூலை 29 அன்று இறந்தார். செவிலியர் பலரும் இறந்தார்கள்.

நிலைத்த பயனுக்கு ஒரு சான்றும் சொல்லிவிடுகிறேன். கினியில் 2013 டிசம்பரில் தொடங்கிய பரவலை எபோலா என்று கண்டறிய மூன்று மாதங்கள் ஆயின. மாதிரிகள் பிரான்சின் லியோன் நகரம் வரை போக வேண்டியிருந்தது. அதே வனப் பகுதியில் 2021 ஜனவரி இறுதியில் ஒரு செவிலியர் இறந்தார். பிப்ரவரி 14-க்குள் நாட்டுக்குள்ளேயே சோதித்து, பரவலை அறிவித்துவிட்டார்கள். 23 பேருக்கு நோய், 12 மரணம், ஜூன் 19-ல் முடிவு. இடைப்பட்ட காலத்தில் தடுப்பூசி வந்துவிட்டது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆனால் நோய் இன்னதென்று தெரிந்தால்தானே தடுப்பூசிக்கு வேலை?

பேரேடு

வடகாற்று அவர்களின் விளக்கத்தோடு எனக்கு மாறுபாடு இல்லை. பணம் செல்லும் வழியைப் பார்ப்பது என் தொழில் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன்.

அவசர நேரத்துக்கான நிதியை முன்கூட்டியே கட்டி வைக்கும் முயற்சி ஒன்று நடந்தது. மேற்கு ஆப்பிரிக்க அனுபவத்துக்குப் பிறகு, உலக வங்கி 2017-ல் 320 மில்லியன் டாலருக்குப் பெருந்தொற்றுக் கடன் பத்திரங்களை விற்றது. வரையறுத்த அளவுக்கு நோய் பரவினால் முதலீட்டாளர்கள் பணத்தை இழப்பார்கள், அது ஏழை நாடுகளுக்குப் போகும். பரவாவிட்டால் அவர்களுக்கு நல்ல வட்டி. காகிதத்தில் அழகான ஏற்பாடுதான். 2018 ஆகஸ்டு முதல் 2020 வரை காங்கோ ஜனநாயகக் குடியரசின் கிழக்குப் பகுதியில் 3,470 பேருக்கு எபோலா கண்டு 2,287 பேர் இறந்தபோதும் அந்தப் பத்திரங்களிலிருந்து ஒரு டாலர்கூட அந்நாட்டுக்குப் போகவில்லை. எபோலாவைப் பொறுத்தவரை, இரண்டாவது நாடு ஒன்றிலும் குறைந்தது 20 பேர் இறந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நோய் எல்லை தாண்டிப் பெருகாமல் தடுத்த அண்டை நாட்டு ஊழியர்களின் உழைப்பே நிபந்தனை நிறைவேறாததற்குக் காரணமாயிற்று! கோவிட் வந்தபோது ஏறத்தாழ 196 மில்லியன் டாலர் கிடைத்தது. ஆனால் 2020 மார்ச் இறுதி வரை காத்திருந்து, 64 நாடுகளுக்குப் பங்கிட வேண்டியிருந்தது. 2021-ல் அந்தத் திட்டத்தை மூடிவிட்டார்கள். 2022-ல் தொடங்கிய பெருந்தொற்று நிதியம், நோய் வருவதற்கு முன்பே கண்காணிப்புக்கும் ஆய்வகத்துக்கும் பணியாளருக்கும் மானியம் தருவதையே நோக்கமாகக் கொண்டது. பாடம் ஓரளவு படிக்கப்பட்டிருக்கிறது என்றே கொள்ளலாம், தொகை தேவைக்கு வெகு கீழே இருந்தாலும்.

அரசுகள் கடமையைக் கைவிடுவது பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். அரசுக்கு உதவியாக வரும் ஒவ்வொரு டாலருக்கும், அரசு தன் சொந்த வருவாயிலிருந்து சுகாதாரத்துக்குச் செலவிடுவது 0.43 முதல் 1.14 டாலர் வரை குறைவதாக 2010-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வு ஒன்று கூறியது. தரவுகளின் தரம் குறித்து அந்த ஆய்வின் மீது கடுமையான விமர்சனம் உண்டு. எனவே அந்த எண்களைக் கல்வெட்டாகக் கொள்ள வேண்டாம். என்றாலும் போக்கு வியப்புக்குரியதன்று. சுகாதார அமைச்சகத்துக்கு வெளியிலிருந்து பணம் வருகிறது என்று தெரிந்தால் நிதியமைச்சர் தம் பணத்தைச் சாலைக்கோ கடன் வட்டிக்கோ திருப்பிவிடுவார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். ஆப்பிரிக்க நாடுகள் 2001-ல் அபுஜாவில் கூடி, வரவுசெலவுத் திட்டத்தில் 15 விழுக்காட்டைச் சுகாதாரத்துக்கு ஒதுக்குவதாக உறுதி எடுத்தன. பெரும்பாலான நாடுகள் அந்த இலக்கை இன்றுவரை எட்டவில்லை.

இதைச் சொன்னால் உடனே ஊழல் பற்றிய பேச்சு எழும். சியரா லியோனின் தலைமைத் தணிக்கையாளர் 2015-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, தணிக்கைக்கு வந்த எபோலா நிதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குச் சரியான கணக்கு இல்லை. பரவல் முடியுமுன்பே அந்நாட்டின் தணிக்கை அலுவலகம் இதை வெளிப்படையாக எழுதியது என்பதை நான் அந்நாட்டின் பெருமையாகவே பார்க்கிறேன். அரசை நம்பாமல் நேரே தொண்டு நிறுவனத்திடம் கொடுத்தால் கசிவு இராது என்பவர்கள், பன்னாட்டுச் செஞ்சிலுவைச் சங்கக் கூட்டமைப்பு 2017-ல் தானே அறிவித்ததைப் படிக்க வேண்டும். அதே பரவலில் அது ஏறத்தாழ 6 மில்லியன் டாலரை மோசடியில் இழந்தது. கினியில் பொய்யான சுங்கக் கட்டணச் சீட்டுகள், லைபீரியாவில் விலை ஏற்றிய பொருட்கள், சியரா லியோனில் வங்கி ஊழியரோடு கூட்டுச் சேர்ந்த சங்கப் பணியாளர்கள். வழியை மாற்றுவதால் மட்டும் கசிவு அடைபடாது.

திசைமானி

மேலே உள்ள இருவரும் உதவியின் நல்லெண்ணத்தை ஐயப்படவே இல்லை என்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. ஹைட்டியில் 2010 அக்டோபரில் காலரா எப்படி நுழைந்தது? மிரபலே நகருக்கு அருகில் இருந்த ஐக்கிய நாடுகள் அமைதிப்படை முகாமின் கழிவு ஆற்றில் கலந்ததால். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்று, பத்தாயிரத்தை நெருங்கும் எண்ணிக்கையில் இறந்தார்கள். ஐக்கிய நாடுகள் அவையின் பொதுச் செயலாளர் மன்னிப்புக் கேட்க 2016 டிசம்பர் வரை ஆனது. நோயைக் கொண்டுவந்தவர்களே பிறகு நோய்த் தடுப்புக்கு ஆலோசகர்களாக வருவதை எந்த மக்கள் நம்புவார்கள்?

நுண்ணோக்கி

திசைமானி அவர்களே, ஹைட்டி பற்றி நீங்கள் சொன்னது முழுவதும் உண்மை. அமைதிப்படையையும் மருத்துவ உதவியையும் ஒன்றாகக் கட்டுவதுதான் பொருந்தவில்லை. ஆனால் நம்பிக்கை குறித்து நீங்கள் எழுப்பிய கேள்வி முக்கியமானது. அதற்கு ஹைட்டியைவிடக் காங்கோவே பொருத்தமான இடம்.

கிழக்குக் காங்கோவில் மேலே குறிப்பிட்ட எபோலா பரவல் நடந்த அதே காலத்தில் நாடு முழுவதும் தட்டம்மையும் பரவியது. 2019-ன் தொடக்கத்திலிருந்து ஓராண்டில் 3,10,000-க்கும் மேற்பட்டோருக்குத் தட்டம்மை இருக்கலாம் என்று பதிவாகி, 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். எபோலாவுக்குப் பல நூறு மில்லியன் டாலர் திரண்டது. தட்டம்மைக்கு அதில் சிறு பங்குதான் கிடைத்தது, பல பத்தாண்டுகளாகத் தடுப்பூசி இருக்கும் நோயாக இருந்தும். புதெம்போ நகரில் வாழும் ஒரு தாயின் இடத்திலிருந்து இதைப் பாருங்கள். மலேரியாவுக்கும் தட்டம்மைக்கும் ஆயுதக் குழுக்களின் வெட்டுக்கும் பிள்ளைகளைப் பறிகொடுத்தபோது வராத வாகன வரிசை, வெளிநாட்டவரும் அஞ்சும் நோய் வந்தவுடன் தூசி பறக்க வந்து நிற்கிறது. எபோலா ஒரு வியாபாரம் என்ற பேச்சு அங்கு பரவியதில் வியப்பில்லை. 2019 பிப்ரவரியில் கட்வாவிலும் புதெம்போவிலும் சிகிச்சை மையங்கள் தாக்கப்பட்டன. ஏப்ரலில் உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் பணியாற்றிய மருத்துவர் ரிச்சர்டு மூசோகோ புதெம்போ மருத்துவமனையில் சுட்டுக் கொல்லப்பட்டார். தாக்குதலுக்கு அரசியல் காரணங்கள் பல உண்டு. ஆனாலும் ஒரே ஒரு நோயைப் பார்க்கும் நிதி, மக்களின் கண்ணில் சந்தேகத்துக்குரிய நிதியாகிவிடுகிறது.

நான் ஆய்வகத் துறையைச் சேர்ந்தவன். ஒரு நோய்க்கான பணம் எல்லா நோய்க்கும் பயன்படும்படி எப்படிப் பரவ முடியும் என்பதற்கு உகாண்டாவின் மாதிரிப் போக்குவரத்து அமைப்பை எப்போதும் எடுத்துக்காட்டுவேன். எச்.ஐ.வி. உள்ள தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளின் இரத்தத் துளிகளை மைய ஆய்வகத்துக்குச் சேர்ப்பதற்காக, அயல்நாட்டு நிதியில் அங்கு ஓர் ஏற்பாடு செய்தார்கள். நாட்டைப் பல வட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வட்ட மையத்திலும் மோட்டார் சைக்கிள் ஓட்டுநர் ஒருவரை நியமித்தார்கள். அவர் வாரத்தின் குறித்த நாட்களில் குறித்த மருத்துவ நிலையங்களுக்குச் சென்று மாதிரிகளைத் திரட்டி வருவார். பிறகு அதே பாதையில் காசநோய்ச் சளி மாதிரியும், இரத்தக்கசிவுக் காய்ச்சல் ஐயத்துக்குரிய இரத்தமும் பயணம் செய்யத் தொடங்கின. மூடியிட்ட குழாய், அதைச் சுற்றிக் கசிவை உறிஞ்சும் பஞ்சு, அதற்கு மேல் கசியாத உறை, அதற்கும் மேல் அடிபட்டாலும் உடையாத பெட்டி, வெளியே ஒட்டிய படிவம் என்று அந்தக் கட்டு என்டெபியில் உள்ள தீநுண்மி (வைரஸ்) ஆய்வு நிலையத்துக்குப் போய்ச் சேர்கிறது. அந்த நிலையமே 1936-ல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் நிதியில் மஞ்சள் காய்ச்சலை ஆராய நிறுவப்பட்டது என்பது ஓர் உபரித் தகவல்.

எங்கள் துறையில் பெரும் பணம் போட்டு வாங்கும் கருவிகளைவிட, வினைப்பொருட்களுக்கும் (சோதனையில் பயன்படுத்தும் வேதிப்பொருட்கள்) பராமரிப்புக்கும் ஆண்டுதோறும் ஒதுக்கப்படும் சிறு தொகையே ஓர் ஆய்வகம் உயிரோடு இருக்கிறதா என்பதைத் தீர்மானிக்கிறது. திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டிய கருவி, மாற்று உதிரிப்பாகம் வராமல் உறை மூடிக் கிடப்பதை இத்துறையில் உள்ள யாரும் பார்த்திருப்பார்கள். வினைப்பொருளுக்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை.

தேடல்

அனைவருக்கும் மிக்க நன்றி. ஓர் ஐயம் எஞ்சுகிறது. கட்டடத்தைவிடச் சம்பளமும் மேற்பார்வையும் வினைப்பொருளும் மேல் என்று மூவரும் ஏறக்குறைய ஒரே கருத்தைச் சொல்கிறீர்கள். ஆனால் கட்டடம் ஒருமுறைச் செலவு. சம்பளமோ மாதச் செலவு. வெளிநாட்டுப் பணத்தில் சம்பளம் கொடுத்துவிட்டு ஒருநாள் அது நின்றால் என்ன ஆகும்? 2025-ல் அமெரிக்கா உதவியை நிறுத்தியபோது அதுதானே நடந்தது? அப்படியென்றால் கட்டடம் கட்டிக் கொடுப்பவர்களின் எச்சரிக்கையிலும் ஒரு நியாயம் இருக்கிறது அல்லவா?

வடகாற்று

இருக்கிறது. கொடையாளர்கள் சம்பளத்தைத் தொடத் தயங்குவதற்குச் சொல்லும் காரணமும் அதுவே.

2025 ஜனவரி 20 அன்று அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை 90 நாட்களுக்கு நிறுத்தி ஆணையிட்டது. பத்து நாள் கழித்து உகாண்டா, கம்பாலாவில் சூடான் வகை எபோலா பரவியிருப்பதாக அறிவித்தது. முதலில் இறந்தவர் ஒரு செவிலியர். மார்ச் மாதத்துக்குள் அமெரிக்க உதவி நிறுவனத்தின் திட்டங்களில் 83 விழுக்காடு நீக்கப்பட்டுவிட்டது. பிரிட்டன், 2027-க்குள் தன் உதவியைத் தேசிய வருமானத்தில் 0.5 விழுக்காட்டிலிருந்து 0.3-க்குக் குறைப்பதாக பிப்ரவரியில் அறிவித்தது. உகாண்டாவின் பரவல் 14 பேரோடும் 4 மரணங்களோடும் ஏப்ரல் 26-ல் முடிந்தது. அறிவிப்பு வந்த நான்காம் நாளே தடுப்பூசிச் சோதனையையும் தொடங்கியிருந்தார்கள். உதவி நின்றாலும் சமாளிக்கலாம் என்று சிலர் இதைக் காட்டுகிறார்கள். நான் வேறு விதமாகப் படிக்கிறேன். அங்கு வேலை செய்தவர்கள் இருபது ஆண்டு உதவியில் பயிற்சி பெற்றவர்கள். அந்தச் சேமிப்பைச் செலவழித்து ஒரு பரவலைக் கடந்தார்கள். ஐந்தாம் ஆண்டிலும் அது எஞ்சியிருக்குமா என்பது அந்நாட்டு அரசு அவர்களைத் தன் ஊதியப் பட்டியலில் ஏற்றுக்கொள்வதைப் பொறுத்தது.

லைபீரியாவில் 2016-ல் தொடங்கிய சமூகச் சுகாதார உதவியாளர் திட்டத்தையும் இங்கு சொல்ல வேண்டும். மருத்துவ நிலையத்திலிருந்து ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஊர்களில், அந்தந்த ஊர்க்காரர் ஒருவரையே பயிற்றுவித்து, மாதம் 70 டாலர் கொடுத்து, மேற்பார்வைக்குச் செவிலியர் ஒருவரையும் அமர்த்தினார்கள். எபோலாவுக்கு முன் இத்தகையோர் ஊதியமில்லாத் தொண்டர்களாகவே கருதப்பட்டார்கள். 2017 ஏப்ரலில் சினோ மாவட்டத்தில் ஓர் இறுதிச் சடங்குக்குச் சென்றுவந்தவர்கள் அடுத்தடுத்து இறக்கத் தொடங்கியதும், எபோலாவுக்குப் பின் அமைந்த கண்காணிப்பு அமைப்பு விரைந்து செயல்பட்டு, அது எபோலா இல்லை, மூளையுறை அழற்சியை உண்டாக்கும் பாக்டீரியா என்று கண்டறிய வழிசெய்தது. 31 பேர் நோயுற்று 13 பேர் இறந்ததோடு அது நின்றது. எனினும் அந்த உதவியாளர்களின் 70 டாலரில் பெரும்பகுதி கொடையாளர் பணம். உங்கள் ஐயத்துக்கு இதைவிடக் கச்சிதமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. பயன் தந்ததும் இதுவே, ஆபத்தில் இருப்பதும் இதுவே.

பேரேடு

இதற்குத் தப்ப வழியுண்டா என்றால், ருவாண்டாவைப் பார்க்கச் சொல்வேன். அந்நாட்டு அரசியலைப் பற்றிய விமர்சனங்களை இங்கு ஒதுக்கிவைக்கிறேன்.

2012-ல் அந்நாடு மருத்துவப் பணியாளர்களை உருவாக்கும் பெருந்திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அமெரிக்கா தந்த நிதி ருவாண்டாவின் சுகாதார அமைச்சகத்துக்கே நேரடியாக வந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களை அந்த அமைச்சகம் வரவழைத்து, உள்ளூர் மருத்துவர்களோடும் செவிலியர்களோடும் இணைத்துப் பணியாற்றச் செய்தது. எந்தக் கொடை நாடு எந்தத் துறையில் இறங்கலாம் என்பதையும் அரசே பங்கிட்டுக் கொடுத்தது. 2024 செப்டம்பரில் அங்கு எபோலாவை ஒத்த மார்பர்க் காய்ச்சல் பரவியபோது நோயுற்ற 66 பேரில் இறந்தவர்கள் 15 பேர். ஏறத்தாழ 23 விழுக்காடு. முந்தைய பெரும் பரவல்களில் பாதிக்கு மேலும், சிலவற்றில் எண்பது விழுக்காட்டுக்கு மேலும் இறந்த நோய் இது. நோயுற்றவர்களில் பெரும்பாலோர் மருத்துவப் பணியாளர்கள் என்பதால் விரைவில் சிகிச்சைக்கு வந்தார்கள் என்பதும் ஒரு காரணம். ஆனால் செயற்கைச் சுவாசத்தில் வைத்த மார்பர்க் நோயாளிகள் இருவரை அதிலிருந்து மீட்கும் அளவுக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவு நடத்தத் தெரிந்தவர்கள் அந்நாட்டில் இருந்தார்கள்.

எனவே, ஒப்பந்தத்தைப் பார்த்தே கணிக்க முடியுமா என்ற உங்கள் முதல் கேள்விக்கு, பெருமளவு முடியும் என்பதே என் கருத்து. நான் முதலில் தேடுவது, ஊதியம் எந்த ஆண்டில் எத்தனை விழுக்காடு அரசின் பொறுப்புக்கு மாறும் என்று எழுதப்பட்டிருக்கிறதா என்பதை. 2025 செப்டம்பரில் அறிவித்த புதிய கொள்கையின்படி அமெரிக்கா இப்போது கையெழுத்திட்டு வரும் இருநாட்டு ஒப்பந்தங்களில் இத்தகைய பிரிவு இருக்கிறது. ஆனால் மாற்றத்துக்குத் தரும் காலம் மிகக் குறுகியது. வட்டி கட்டவே வருவாயில் பெரும்பங்கைச் செலவிடும் நாடுகளால் அந்த வேகத்தில் ஏற்க முடியுமா என்ற அச்சம் எனக்கு உண்டு. அடுத்து, ஊதிய விகிதம் அரசு ஊழியருக்கு உள்ளதேதானா என்று பார்ப்பேன். திட்டத்துக்கு மட்டும் மூன்று மடங்கு சம்பளம் என்றால், அரசு மருத்துவமனையின் நல்ல செவிலியர்கள் எல்லோரும் திட்டத்துக்குப் போய்விடுவார்கள். திட்டம் முடிந்ததும் இரண்டு இடத்திலும் இருக்க மாட்டார்கள். நோய்த் தகவல் அமைச்சகத்தின் பதிவேட்டுக்குப் போகிறதா, கொடையாளரின் தனிப் படிவத்துக்குப் போகிறதா என்பதையும் பார்க்கத் தவறாதீர்கள். ஒரே காய்ச்சலை நான்கு படிவத்தில் எழுதும் செவிலியரால் ஐந்தாவது நோயாளியைப் பார்க்க முடியாது.

உங்கள் கட்டுரைக்கு லைபீரியாவையும் ருவாண்டாவையும் அருகருகே வைப்பதாக இருந்தால், தொகையை ஒப்பிடுவதோடு நிற்காமல், அந்தத் தொகையில் எத்தனை பங்கு அரசின் வரவுசெலவுக் கணக்கில் பதிவாகிச் செலவானது என்பதையும் தேடிப் பாருங்கள். அமைச்சகங்கள் வெளியிடும் தேசியச் சுகாதாரக் கணக்கு அறிக்கைகளில் அது கிடைக்கும்; அட்டவணைகள் சலிப்பூட்டும், ஆனால் விடை அங்கேதான் இருக்கிறது.